கிளாசிக் காரின் மீட்டர் முள் பொய் சொல்லுதா? குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி?

“மீட்டர் போச்சு சார், புதுசு மாத்திடலாம்.”

பழைய கார் ஒன்றை ஆசையாக வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்புவது கஷ்டம். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் முள் காலி என்று காட்டும். இல்லையென்றால், சாவியைத் திருப்பியதுமே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடும். உடனே பழி டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர் மேல் விழுகிறது.

பெரும்பாலான நேரங்களில் மீட்டர் நிரபராதி. அது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டுமே. அதற்கு முன்னால் ஃபியூஸ், ஸ்டெபிலைசர், வயர், டேங்குக்குள் இருக்கும் மிதவை, எர்த் என்று பல கண்ணிகள் உண்டு. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்பதை முள்ளே சொல்லிவிடும். அது ‘எப்படி’ப் பொய் சொல்கிறது என்று கவனித்தால் போதும்.

இதில் பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. 50 வருடப் பழைய ஒரிஜினல் மீட்டரைக் கழற்றி வீசிவிட்டால், அதே போல இன்னொன்று கிடைப்பது சிரமம். அதைவிட முக்கியம், டெம்பரேச்சர் முள்ளை நம்ப முடியாத காரை நெடுஞ்சாலையில் ஓட்டுவது, எஞ்சினைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

முதலில், எந்த வகை மீட்டர்?

எல்லா பழைய மீட்டர்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பின்னால் வயருக்குப் பதில் மெல்லிய உலோகக் குழாய் வந்தால், அது மின்சார மீட்டரே இல்லை. ஆயில் பிரஷர் மீட்டர் என்றால் குழாயில் எஞ்சின் ஆயிலே வரும். டெம்பரேச்சர் மீட்டர் என்றால், குழாய்க்குள் சூடானதும் விரியும் ஈதர் போன்ற ஒரு திரவம் சீல் செய்யப்பட்டிருக்கும். இந்தக் குழாயை மடிக்கவோ வெட்டவோ கூடாது. ஒருமுறை உடைந்தால் மல்டிமீட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கென்றே இருக்கும் ரிப்பேர் ஆட்களிடம்தான் போக வேண்டும்.

வயர் வந்தால், அடுத்த சோதனை சாவி. இக்னிஷனை ஆன் செய்ததும் முள் ‘டக்’கென்று எழுந்தால், அது காந்தச் சுருளில் இயங்கும் பழைய வகையாக இருக்கலாம். சில வினாடிகள் எடுத்து, சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறினால், அது பைமெட்டல் வகை. ட்ரையம்ப், எம்.ஜி., மோரிஸ் என்று 1960-களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல பிரிட்டிஷ் கார்களில், ஸ்மித்ஸ் நிறுவனம் தயாரித்த இந்த வகை மீட்டர்கள் இருக்கின்றன. அதிகம் குழப்புவதும் இவைதான் என்பதால், இனி வருவது பெரும்பாலும் இவற்றைப் பற்றியது.

இந்தியாவிலும் இந்தக் குடும்பத்துக்கு உறவினர்கள் உண்டு. அம்பாசடரின் தாய்வீடு மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. சென்னையில் 1961-லிருந்து தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தது. ஆனால் மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் மீட்டர்கள் மாறியிருக்கும். அதனால் அந்தந்த காரின் வயரிங் டயகிராமைப் பார்த்துவிட்டுத் தொடங்குவதுதான் சரி.

இஸ்திரிப் பெட்டியும் பெட்ரோல் மீட்டரும்

பைமெட்டல் என்றால் என்ன? சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றாக ஒட்டிய பட்டை. சூடானால் அது ஒரு பக்கமாக வளையும். ஆட்டோமேட்டிக் இஸ்திரிப் பெட்டியில் விளக்கு அணைந்து அணைந்து எரிவதற்குக் காரணமும் இதே பட்டைதான்.

மீட்டருக்குள் இந்தப் பட்டையைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருக்கும். கம்பியில் கரன்ட் அதிகம் போனால் பட்டை அதிகம் சூடாகும், அதிகம் வளையும், முள் மேலே ஏறும். சூடாவதற்கு நேரம் ஆகும் என்பதால்தான் முள் நிதானமாக நகர்கிறது. காரின் குலுக்கலில் பெட்ரோல் அலையடித்தாலும் முள் ஆடாமல் நிற்பதும் இதனால்தான்.

எவ்வளவு கரன்ட் போக வேண்டும் என்பதை டேங்கில் இருக்கும் ‘டேங்க் யூனிட்’ தீர்மானிக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போன்ற ஒரு மிதவை. அதன் கை மேலும் கீழும் அசையும்போது ஒரு ரெசிஸ்டன்ஸ் கூடிக் குறையும். ஸ்மித்ஸ் பைமெட்டல் முறையில், டேங்க் நிறைந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, காலியாக இருந்தால் 200 ஓமுக்கும் மேல். டெம்பரேச்சர் சென்சாரும் அதே திசைதான். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். காரின் வோல்டேஜ் நிலையாக இருக்காது. எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட் வரை. ஹெட்லைட் போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் மறுபடி குறையும். இப்படியே விட்டால், முள் பெட்ரோலை அளக்காமல் பேட்டரியை அளக்கத் தொடங்கிவிடும். அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். ஃப்ரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசருக்கு அது தூரத்துச் சொந்தம். அதற்குள்ளும் ஒரு பைமெட்டல் பட்டை இருக்கிறது. அது சூடாகி இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி இணைக்கும். இந்த ஆன்-ஆஃப் ஆட்டத்தின் சராசரி 10 வோல்ட். பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டு மீட்டர்களுக்கும் அந்த 10 வோல்ட்தான் போகிறது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால், பாதிக் கேஸ் முடிந்தது.

ஒரு முள்ளா, இரண்டு முள்ளா?

கழற்றத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஒரு மீட்டர் மட்டும் தப்பாகக் காட்டுகிறதா, இரண்டுமே தப்பா?

* இரண்டுமே எழவில்லை: இரண்டு மீட்டரும் ஒரே நாளில் செத்துப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. பல பிரிட்டிஷ் கார்களில் இண்டிகேட்டர், பிரேக் லைட், வைப்பர் ஆகியவையும் அதே ஃபியூஸில் இருக்கும். அவையும் வேலை செய்யாவிட்டால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். அவை வேலை செய்தால் சந்தேகம் ஸ்டெபிலைசர் மேல்.

* இரண்டுமே அளவுக்கு மேல் காட்டுகின்றன: ஸ்டெபிலைசர் துண்டிக்கவே இல்லை, 10-க்குப் பதில் முழு பேட்டரி வோல்டேஜும் போகிறது என்று அர்த்தம். ஸ்டெபிலைசரின் தகர உடல் டேஷ்போர்டு உலோகத்தைத் தொட்டு எர்த் ஆக வேண்டும். எர்த் இல்லையென்றால் உள்ளே இருக்கும் பட்டை சூடாகாது, துண்டிக்கவும் செய்யாது.

* ஒன்று மட்டும் அடியிலேயே கிடக்கிறது: அந்த ஒரு பாதையில் எங்கேயோ இணைப்பு அறுந்திருக்கிறது. வயர், டெர்மினல், டேங்க் யூனிட், எர்த் ஆகியவற்றில் ஏதோ ஒன்று.

* ஒன்று மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டது: சென்சாருக்குப் போகும் வயர் எங்கேயோ உரசி, காரின் பாடியைத் தொடுகிறது. அல்லது சென்சார் உள்ளே ஷார்ட்.

* பாதி டேங்க் வரை சரி, பிறகு திடீரென்று விழுகிறது: டேங்க் யூனிட்டின் ரெசிஸ்டன்ஸ் கம்பி அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது.

* எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டுகிறது: துருப்பிடித்த இணைப்பு. துரு தானாகவே ஒரு ரெசிஸ்டன்ஸ் ஆகிவிடும். அதுவும் சேர்ந்துகொண்டால் மீட்டர் ‘பெட்ரோல் கம்மி’ன்னு நினைத்துக்கொள்ளும்.

புது பெயிண்டே வில்லன்

“ரெஸ்டோர் பண்ணுறதுக்கு முன்னாடி நல்லாத்தான் வேலை செஞ்சுது.” இது பழைய கார் வட்டாரத்தில் சகஜமான புலம்பல். காரணம் பெரும்பாலும் பெயிண்ட்.

பழைய கார்களில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு வயர் கிடையாது. ஒரு வயர் போகும், திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடல். டேங்கைக் கழற்றிப் பளபளவென்று பவுடர் கோட்டிங் செய்து மாட்டினால், டேங்குக்கும் பாடிக்கும் நடுவே அந்தப் பூச்சு ஒரு சுவர் போல நின்றுவிடும். டேஷ்போர்டுக்கு அடித்த பெயிண்ட், ஸ்டெபிலைசரின் எர்த்தை மறைத்துவிடும்.

டெம்பரேச்சர் சென்சாரில் இன்னொரு விதமாக நடக்கிறது. கூலன்ட் கசியாமல் இருக்க, பிளம்பர்கள் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் சுற்றிவிடுவார்கள். அந்த மரைதான் சென்சாரின் எர்த். டேப் தடிமனாக இருந்தால் முள் குறைவாகக் காட்டும், அல்லது எழவே எழாது.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு, ஒரு நீளமான வயரின் ஒரு முனையைச் சந்தேகப்படும் உடலிலும், மறுமுனையைப் பெயிண்ட் இல்லாத நல்ல உலோகத்திலும் இறுக்கமாக இணைக்க வேண்டும். பிறகு சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். முள் திருந்தினால், உப்புத்தாளால் அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து நிரந்தர எர்த் வயர் போட்டால் வேலை முடிந்தது.

மல்டிமீட்டரும் ஒரு ரெசிஸ்டரும்

எர்த் சரி, ஆனாலும் முள் சரியில்லை என்றால் அடுத்த கட்டம். தேவையானவை ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு 68 ஓம் 1 வாட் ரெசிஸ்டர். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் ஒரு விதி. டேங்க் அருகில் பொறி பறக்கும் எந்தச் சோதனையும் கூடாது. அதனால் சோதனையை டேஷ்போர்டு பக்கமிருந்தே செய்வது பாதுகாப்பு.

படி 1: இக்னிஷனை ஆஃப் செய்து, மீட்டரிலிருந்து சென்சாருக்குப் போகும் வயரை மீட்டர் முனையில் கழற்ற வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வயரிங்கில் பெட்ரோலுக்குப் பச்சையில் கறுப்புக் கோடு, டெம்பரேச்சருக்குப் பச்சையில் நீலக் கோடு இருக்கும். வயர் மாற்றப்பட்ட கார்களில் நிறத்தை நம்பக் கூடாது.

படி 2: காலியான மீட்டர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ரெசிஸ்டரை இணைத்து, இக்னிஷனை ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். முள் நடுப்பகுதிக்கு வந்து நின்றால், மீட்டரும் ஸ்டெபிலைசரும் நன்றாக இருக்கின்றன. ‘மீட்டர் போச்சு’ என்ற தீர்ப்பு ரத்து. முள் நகரவில்லை என்றால், மீட்டருக்கு வரும் சப்ளையைப் பார்க்க வேண்டும். சப்ளை வந்தும் நகராவிட்டால்தான் மீட்டர் குற்றவாளி.

படி 3: இக்னிஷனை மறுபடி ஆஃப் செய்து, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, கழற்றிய வயருக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். இந்த ஒரே அளவு வயர், டேங்க் யூனிட், டேங்க் எர்த் மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடும். எண்ணே வராவிட்டால் எங்கேயோ அறுந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் ஷார்ட். நடுவில் ஒரு எண் வந்து, சில லிட்டர் பெட்ரோல் ஊற்றியதும் அது குறைந்தால் பாதை உயிரோடு இருக்கிறது. ஊற்றியும் மாறாவிட்டால் மிதவை சிக்கியிருக்கலாம், அல்லது ஓட்டை விழுந்து மூழ்கியிருக்கலாம். யூனிட்டைக் கழற்றியபின் மிதவையைக் காதருகே குலுக்கினால், உள்ளே திரவம் தளும்பும் சத்தம் காட்டிக்கொடுக்கும்.

டேங்க் யூனிட்டைக் கழற்ற வேண்டி வந்தால், பேட்டரியைத் துண்டித்து, காற்றோட்டமான இடத்தில், பெட்ரோலைக் குறைத்துவிட்டுச் செய்ய வேண்டும். மறுபடி மாட்டும்போது ரப்பர் வாஷர் புதிதாக இருக்கட்டும். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது. எத்தனாலைத் தாங்கும் வாஷராகக் கேட்டு வாங்குவது நல்லது.

ஸ்டெபிலைசரை அளக்கும்போது ஏமாற வேண்டாம்

பழைய ஸ்டெபிலைசரின் அவுட்புட்டில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 12, 0, 12, 0 என்று எண்கள் தாவும். ‘கெட்டுப்போச்சு’ன்னு முடிவு கட்டிவிட வேண்டாம். தாவுவதுதான் அதன் வேலை. தாவாமல் 12-லேயே நின்றால் முதலில் எர்த்தைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பிய நொடியிலிருந்தே 0 என்றால்தான் உள்ளே அறுந்திருக்கிறது.

உண்மையிலேயே கெட்டிருந்தால் இரண்டு வழி. புது ஸ்டெபிலைசர் வாங்கலாம். அல்லது 7810 என்ற மூன்று கால் ஐசியை, பழைய தகரப் பெட்டிக்குள்ளேயே பொருத்தலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் அளவுக்குச் சாதாரணப் பொருள் அது. வெளியே பார்க்க ஒரிஜினல், உள்ளே நிலையான 10 வோல்ட். ஒரே எச்சரிக்கை, 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த். அவற்றில் இதை அப்படியே மாட்டினால் வேலை செய்யாது.

செய்யவே கூடாதவை

* 12 வோல்ட் சப்ளையை பைமெட்டல் மீட்டருக்கு நேரடியாகக் கொடுத்து ‘செக்’ செய்வது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி கருகிவிடும். நல்ல மீட்டர்கள் சாவதற்கு இந்தச் சோதனையே ஒரு காரணம்.

* சென்சார் வயரை எர்த்தில் தொட்டுப் பார்க்கும் குறுக்கு வழியை எல்லா காருக்கும் பொருத்துவது. ஸ்மித்ஸ் பைமெட்டலில் தொட்டால் முள் உச்சிக்குப் போகும். 1960-களின் பிற்பகுதியிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலி டேங்க் 0 ஓம், நிறைந்தது 90 ஓம். ஜெர்மனியின் விடிஓ யூனிட்களில் பரவலான அளவு, காலிக்கு 10, நிறைவுக்கு 180. அங்கே தொட்டால் முள் கீழே போகும்.

* ஒரு கம்பெனி மீட்டரையும் இன்னொரு கம்பெனி டேங்க் யூனிட்டையும் ஜோடி சேர்ப்பது. இரண்டும் புதுசாக இருந்தாலும் கணக்கு ஒத்துப்போகாது.

* காரணம் தெரியும் முன்பே, மீட்டரின் பின்னால் இருக்கும் இரண்டு அட்ஜஸ்ட்மென்ட் துளைகளைத் திருகுவது. அது கடைசிக் கட்ட வேலை.

முள் கீழே இறங்கினால் நிம்மதியா?

பெட்ரோல் முள் பொய் சொன்னால், அதிகபட்சம் கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு நடக்க வேண்டியிருக்கும். டெம்பரேச்சர் முள் பொய் சொன்னால் ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும், எஞ்சின் வேலை பல மடங்கு செலவு வைக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. சென்சார், கூலன்டில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்து கூலன்ட் முழுவதும் கொட்டிவிட்டால், சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் நீராவியும்தான் இருக்கும். அப்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் மெதுவாகக் கீழே இறங்கலாம். மேட்டில் ஏறும்போது உயர்ந்த முள், காரணமே இல்லாமல் சட்டென்று விழுந்தால், ‘அப்பாடா, ஆறிடுச்சு’ன்னு நினைக்கக் கூடாது. ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பது, பிரஷர் இறங்காத குக்கரைத் திறப்பது போலத்தான். நன்றாக ஆறும் வரை தொடக் கூடாது.

டெம்பரேச்சர் மீட்டரின் மேல் சந்தேகம் இருந்தால், இன்னொரு சாட்சியைக் கூப்பிடலாம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால், எஞ்சின் சூடானபின் தெர்மோஸ்டாட் இருக்கும் உலோகக் கூட்டை அளந்து, அந்த நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அளந்தால் சரியாக வரும். சென்சாரைக் கழற்றி வெந்நீரில் வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. நீர் சூடாகச் சூடாக ஓம் அளவு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். எங்கேயாவது தாவினால் சென்சாரை மாற்றிவிடலாம்.

எல்லாம் சரியானபின் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று பாக்கி இருக்கும். பழைய மீட்டர்களில் பெரும்பாலும் எண்கள் இருக்காது, கோடுகள்தான். சாதாரண நாளில், சாதாரண வேகத்தில் முள் எந்தக் கோட்டருகே நிற்கிறது, ரிசர்வ் வரும்போது டேங்கில் எத்தனை லிட்டர் மிச்சம் இருக்கிறது என்பதை ஒரு மாதம் கவனித்து போனில் குறித்துவைத்தால் போதும். அடுத்த முறை முள் அந்த இடத்திலிருந்து விலகும்போது, எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்று காரின் உரிமையாளருக்கே தெரிந்திருக்கும்.